பிள்ளை வாய் திறக்கும்போது பெரியவர் என்ன செய்யவேண்டும்

பாலியல் துஷ்பிரயோகத்துக்கு உள்ளான பிள்ளை ஒருநாள் வந்து நடந்ததை ஆதியோடந்தமாகச் சொல்லும் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி நடப்பது அரிது. பிள்ளை முதலில் ஒரு சொல்லைப் போட்டுப் பார்க்கும். "அந்த ஓட்டோவில நான் போகமாட்டன்." "ரியூசனுக்கு இனிப் போகேல்ல." "மாமா வாற நேரம் நான் அம்மம்மா வீட்ட நிக்கட்டா?" கேட்கிறவர் "ஏன், படிக்கக் கள்ளமா?" என்று ஓர் அதட்டல் போட்டால் போதும், பிள்ளைக்குப் பதில் கிடைத்துவிடும். அடுத்த தடவை வேறொருவரிடம் போட்டுப் பார்க்கும். அங்கேயும் அதே பதில் என்றால் வாயை மூடிக்கொள்ளும், சில வேளை பத்து இருபது வருடங்களுக்கு.

பாடசாலையிலும் சிறுவர் கழகத்திலும் நடக்கும் விழிப்புணர்வு வகுப்புகள் பிள்ளையைப் பார்த்தே பேசுகின்றன: வேண்டாம் என்று சொல், ஓடு, நம்பிக்கையான பெரியவரிடம் சொல். இதில் பிழையில்லை. ஆனால் அந்த நம்பிக்கையான பெரியவருக்கு யாரும் வகுப்பு வைப்பதில்லை. பிள்ளை சொன்ன பிறகு காரியம் கெடும் இடங்களைக் கணக்கெடுத்தால், பிள்ளையின் பக்கத்தைவிடப் பெரியவரின் பக்கம்தான் நீளும்.

பிள்ளை ஏன் சொல்லாமல் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். பெரும்பாலான சம்பவங்களில் செய்தவர் முகம் தெரியாத ஆள் அல்ல. சித்தப்பா, ஒன்றுவிட்ட அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர், ஸ்கூல் வான் ஓடுபவர், ரியூசன் சேர், சமயம் படிப்பிக்கிறவர். பிள்ளைக்கு அவரைப் பிடிக்கவும் கூடும். ரொபி வாங்கிக் கொடுத்தவர், போனுக்கு ரீலோட் போட்டுவிட்டவர், அப்பாவுக்குக் கடன் கொடுத்தவர். இப்படி வாங்கியதெல்லாம் பிள்ளையின் கணக்கில் தன் குற்றமாகவே பதிகிறது. அதற்கு மேல் மிரட்டல்: "சொன்னா உன்ர அம்மா செத்துப்போவா", "அப்பா என்னை அடிச்சிட்டு மறியலுக்குப் போவார்." எட்டு வயதுப் பிள்ளைக்கு இது உண்மையாகவே நடக்கப்போகும் விஷயம்.

ஆண்பிள்ளைகளுக்கு இன்னொரு பூட்டு இருக்கிறது. தொட்டால் உடம்பு தன்பாட்டில் பிரதிபலிக்கும். அது உடம்பின் இயல்பு, சம்மதம் அல்ல. இதை யாரும் சொல்லிக் கொடுக்காததால் "எனக்கும் விருப்பமிருந்திருக்கு" என்று பையன் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்கிறான். திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் உல்லாசப் பயணிகளோடு திரியும் பையன்களும், மீன்வாடியில் கூடமாட வேலைக்கு நிற்கும் பையன்களும் ஆபத்துக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். ஆனாலும் வீட்டில் "பொம்பிளப் பிள்ளை கவனம்" என்பதோடு பாதுகாப்புப் பேச்சு முடிந்துவிடுகிறது.

திருகோணமலைக்கென்று இரண்டு நிலைமைகளைச் சொல்லவேண்டும். மூதூர், கிண்ணியா, தோப்பூர்ப் பக்கங்களில் தாய் வளைகுடா நாடொன்றில் வீட்டுவேலைக்குப் போயிருக்க, பிள்ளை அம்மம்மாவிடமோ வாப்பாவிடமோ வளர்வது சாதாரணம். தாயோடு பேசுவது வட்சப்பில். போன் இருப்பது அம்மம்மாவின் கையில். சுற்றிவர நாலு பேர். அந்தப் பேச்சில் பிள்ளை எதையும் சொல்ல வழியில்லை. இரண்டாவது, யுத்த காலத்தில் பொலிஸ் நிலையப் படியேறுவதற்கே நடுங்கிய தலைமுறைதான் இன்று பாட்டன் பாட்டியாக வீட்டில் முடிவெடுக்கிறது. பொலிஸ் வேண்டாம், எங்களுக்குள்ள முடிப்பம் என்று அவர்கள் சொல்வது கல்மனத்தால் அல்ல, பழைய பயத்தால். அந்தப் பயத்தைக் கேலி செய்யாமல் அதற்குப் பதில் வைத்திருக்கவேண்டும்.

முன்கூட்டியே செய்யக்கூடியவை பெரிய வேலைகள் அல்ல. மூன்று வயதிலேயே குளிப்பாட்டும்போது, கையைக் கை என்று சொல்லும் அதே குரலில் மறைவிடங்களுக்கும் பெயர் சொல்லிக் கொடுக்கலாம். வீட்டுச் செல்லப்பெயர் மட்டும் தெரிந்த பிள்ளை டீச்சரிடம் போய்ச் சொன்னால் டீச்சருக்கு விளங்காமல் போகும் ஆபத்து உண்டு. அந்த இடங்களை யாரும் தொடவோ பார்க்கவோ கூடாது, மற்றவருடையதைத் தொடவைக்கவும் கூடாது. கழுவிவிடும்போதும், அம்மா பக்கத்தில் நிற்க டொக்டர் பார்க்கும்போதும் மட்டும் விதிவிலக்கு. இதை ஒரு நாளில் பிரசங்கமாக வைக்கத் தேவையில்லை. மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடம் என்றால் பதிந்துவிடும். "பெரியாக்கள் சொன்னாக் கேக்கோணும்" என்பதையே காலையும் மாலையும் ஓதும் வீட்டில் இந்த விதி நிற்காது. எந்தப் பெரியவர் சொன்னாலும் மறுக்கக்கூடிய ஒரு விஷயம் உண்டு என்று வெளிப்படையாகவே சொல்லவேண்டும். விருந்தாளிக்கு முத்தம் கொடுக்க மறுக்கும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தாமல் விடுவதும் இதே பாடம்தான்.

பிரச்சினை வந்தால் யாரிடம் சொல்லலாம் என்று ஐந்து விரலுக்கு ஐந்து பெயர் எழுதும் பயிற்சியைப் பல பாடசாலைகளில் செய்கிறார்கள். நல்ல பயிற்சி, ஆனால் இரண்டு வகையில் பிழைத்துப்போகிறது. பெற்றோரே பெயர்களை நிரப்பிவிடுகிறார்கள். அல்லது ஐந்து பேரும் ஒரே வளவுக்குள் இருக்கிறார்கள். பெயரைப் பிள்ளை சொல்லவேண்டும். அதில் குறைந்தது இரண்டு பேர் வீட்டுக்கு வெளியே இருக்கவேண்டும், ஒருவராவது குடும்பத்துக்குச் சொந்தமில்லாதவராக இருக்கவேண்டும். பிள்ளை ஒரு பெயரைத் தவிர்த்தால் "ஏன் சித்தப்பாவை எழுதேல்ல?" என்று கேட்டு எழுதவைக்கக் கூடாது. பெயர் எழுதப்பட்ட ஐந்து பேருக்கும் தாங்கள் அந்தப் பட்டியலில் இருப்பது தெரியவேண்டும். அவர்களோடு பேசி வைக்காத பட்டியல் வெறும் கடதாசி. வருடத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். டீச்சர் இடமாற்றம் பெற்றுப் போயிருப்பார், அக்கா கல்யாணம் முடித்து வேறு ஊரில் இருப்பா.

இதோடு சேர்த்து, தொடங்குவதற்கு ஒரு வசனமும் கொடுக்கவேண்டும். "உங்களிட்ட ஒரு விஷயம் சொல்லோணும், ஏசமாட்டீங்கள்தானே?" இந்த ஒரு வரியைச் சின்னச் சின்ன விஷயங்களில் பழக்கவேண்டும். உடைந்த கோப்பை, தொலைந்த காசு, கணக்கில் வந்த 20 மார்க்ஸ். கோப்பை உடைந்ததைச் சொன்னதற்கு அடி விழுந்த வீட்டில் அந்த வசனம் பெரிய விஷயத்துக்கு வராது. தாய் வெளிநாட்டில் என்றால், கிழமைக்கு ஒருமுறை பிள்ளை தனியாகப் பேச ஒரு நேரம் ஒதுக்கி, அவசரத்துக்கு ஒரு சாதாரண வசனத்தைக் குறியாகப் பேசி வைக்கலாம். "கணக்குக் கொப்பி முடிஞ்சுது" என்று பிள்ளை சொன்னால் ஏதோ பிரச்சினை என்று அர்த்தம். பக்கத்தில் நிற்பவருக்கு அதில் சந்தேகம் வராது. அதைக் கேட்டதும் தாய் போனிலேயே விசாரணை தொடங்காமல், ஐந்து பேரில் ஒருவரை அனுப்பவேண்டும்.

கேள்வி கேட்கும் இடமும் முக்கியம். கதிரையில் முன்னால் இருத்தி, கண்ணைப் பார்த்துக் கேட்டால் அது விசாரணை. சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு போகும்போது, கீரை ஆயும்போது, வலை திருத்தும்போது, உடுப்பு மடிக்கும்போது பேச்சு தானாக வரும். "ஸ்கூல் எப்படி?" என்றால் "நல்லம்" என்பதோடு முடியும். "இண்டைக்கு ஆருக்குப் பக்கத்தில இருந்த? உனக்குப் பிடிக்காத மாதிரி ஆரும் நடந்தவையா?" என்று கேட்டால் சொல்ல ஓர் இடம் திறக்கும். பழகிய படுக்கை நனைத்தல் திரும்பி வருவது, ஒரே ஓர் ஆளைக் கண்டு மட்டும் ஒதுங்குவது, சிறுநீர் போகையில் நோவு, கணக்கில்லாத காசு அல்லது புதிய போன், வயதுக்கு மிஞ்சிய பாலியல் விளையாட்டு ஆகியவை கவனிக்கவேண்டிய அறிகுறிகள். எந்த ஒன்றும் தனியே நிரூபணம் ஆகாது. எந்த அறிகுறியும் இல்லாத பிள்ளையும் உண்டு.

இனி அந்த முதல் பத்து நிமிடம். தரம் 4 இல் படிக்கும் ஒரு பிள்ளை இடைவேளையில் டீச்சரின் மேசையடியில் நின்றுகொண்டு, "மிஸ், அந்த மாமா கூடாத வேலை செய்யிறவர்" என்கிறது என்று வைத்துக்கொள்வோம். டீச்சர் கையிலிருக்கும் மார்க்ஸ் புத்தகத்தை மூடவேண்டும். பதறி எழும்பாமல், குரலை உயர்த்தாமல், மற்றவர்கள் பார்க்கக்கூடிய ஆனால் கேட்கமுடியாத இடத்துக்குப் பிள்ளையோடு நகரவேண்டும். மர நிழல், விறாந்தை முனை. கதவைச் சாத்திய அறை வேண்டாம், அடைத்த அறை பிள்ளைக்கு வேறொன்றை நினைவூட்டும். பிறகு சொல்லவேண்டியது இவ்வளவுதான்: "சொன்னது நல்லது மகள். நான் கேக்கிறன். இது உன்ர பிழை இல்ல." அடுத்ததாக, "என்ன நடந்ததெண்டு உனக்கு ஏலுமான மாதிரிச் சொல்லு." பிள்ளை நிறுத்தினால், "அதுக்குப் பிறகு?" மௌனம் வந்தால் பொறுத்திருக்கவேண்டும். பெரியவருக்கு அரை நிமிட மௌனமே தாங்காது, உடனே ஒரு கேள்வியால் அதை நிரப்பிவிடுவார். காரியம் கெடுவது அங்கேதான்.

"அவர் உன்ர உடுப்பைக் கழட்டினவரா? அங்க தொட்டவரா?" என்று பெரியவர் எடுத்துக் கொடுத்தால், பயந்துபோன பிள்ளை தலையாட்டிவிடும். பின்னாளில் நீதிமன்றில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் பிடிப்பது இதைத்தான்: பிள்ளைக்கு டீச்சர் சொல்லிக் கொடுத்தார். ஏன் என்று தொடங்கும் கேள்விகள் அதைவிட மோசம். "ஏன் அப்பவே சொல்லேல்ல? ஏன் அங்க போன?" என்றால் பிள்ளையின் காதில் விழுவது பழி மட்டும். தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று: யார், பிள்ளை இப்போது ஆபத்தில் இருக்கிறதா, கடைசியாக எப்போது. அதற்கு மேல் விபரம் எடுப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை.

"ஆருக்கும் சொல்லாதீங்க மிஸ்" என்று பிள்ளை கேட்கும். சரி என்று சத்தியம் பண்ணிவிட்டு அடுத்த மணித்தியாலம் அதிபரிடம் போனால், பிள்ளை இரண்டாவது தடவையும் ஏமாற்றப்பட்டதாகிறது. "உன்னைப் பாதுகாக்கக் கூடிய ஆளிட்ட மட்டும் சொல்லுவன். ஆரிட்டச் சொல்லுறனெண்டு முதல்ல உனக்குச் சொல்லுவன்" என்பதே நேர்மையான பதில். பிள்ளை போனபின் ஒரு கொப்பியில் திகதி, நேரம், இடம், பிள்ளையின் சொற்கள் அப்படியே, தான் கேட்ட கேள்வி ஆகியவற்றை எழுதி ஒப்பமிடவேண்டும். பிள்ளை "கூடாத வேலை" என்று சொன்னதைப் "பாலியல் துஷ்பிரயோகம்" என்று திருத்தி எழுதக் கூடாது. போனில் வீடியோ எடுப்பது வேண்டவே வேண்டாம். அந்த வீடியோ நாளைக்கு எந்த வட்சப் குழுவில் நிற்கும் என்று யாராலும் சொல்லமுடியாது. அதிபர், பிரதி அதிபர், பகுதித் தலைவர் என்று ஒவ்வொருவர் முன்னாலும் பிள்ளையை நிறுத்தித் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதும் கூடாது. ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் மாறும், அந்த மாற்றமே பிறகு பொய் என்பதற்குச் சான்றாகக் காட்டப்படும்.

இன்னொரு தவறு, கோபத்தில் அந்த ஆளிடமே போய்க் கேட்பது. தகப்பனுக்கு அது இயல்பு. ஆனால் அந்த ஆளுக்குத் தகவல் போனதும் போனில் இருந்தவை அழியும், பிள்ளைக்கு மிரட்டல் போகும், தகப்பன் கைவைத்துவிட்டால் வழக்கு தகப்பன் மேல் திரும்பும்.

எங்கே சொல்வது? தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அதன் 1929 இலக்கம் இருபத்துநான்கு மணிநேரமும் இயங்கும், கட்டணமில்லை, தமிழில் பேசலாம். தன் பெயரைச் சொல்ல விரும்பாதவரும் முறைப்பாடு செய்யலாம். பிள்ளையின் பெயர், வயது, இருக்கும் இடம், நடந்தது, இப்போதைய ஆபத்து ஆகியவற்றை முன்னால் எழுதி வைத்துக்கொண்டு பேசினால் ஐந்து நிமிடத்தில் முடியும். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். இந்த நிமிடமே ஆபத்து என்றால் 119. வேலைநாட்களில் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரையும் நன்னடத்தை உத்தியோகத்தரையும் தேடலாம். மாவட்டத்தில் பட்டினமும் சூழலும், குச்சவெளி, தம்பலகாமம், வெருகல் என்று 11 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. பிள்ளை வசிக்கும் பிரிவுதான் கணக்கு, பாடசாலை இருக்கும் பிரிவு அல்ல. கிராம உத்தியோகத்தரிடம் சொல்வது தவறில்லை, ஆனால் அவரோடு நின்றுவிடக் கூடாது. அவர் ஊர்க்காரர், பல வேளை இரு தரப்புக்கும் உறவு.

பாலியல் வன்முறை நடந்து மூன்று நாளுக்குள் என்றால் நேரம்தான் எல்லாம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணிநேரத்துக்குள் தொடங்கவேண்டும். எவ்வளவு முந்தித் தொடங்கினாலும் அவ்வளவு நல்லது. வயதுக்கு வந்த பிள்ளைக்குக் கருத்தடை அவசர மாத்திரை 120 மணிநேரம் வரை பயன் தரும், அதுவும் முந்தினால்தான் உறுதி. தாய்மார் முதலில் செய்வது பிள்ளையைக் குளிப்பாட்டி உடுப்பைத் தோய்ப்பது. அந்த மனம் விளங்குகிறது, ஆனால் தடயம் அதோடு போய்விடும். குளிக்காமல், முடிந்தால் சிறுநீர் கழிக்குமுன், அந்த உடுப்பைக் கடதாசிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பொலித்தீன் பையில் ஈரம் தேங்கிப் பூஞ்சணம் பிடித்துத் தடயம் கெடும். நேராகத் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ போகலாம். பொலிஸ் கடிதம் இல்லாமல் வந்ததற்காகச் சிகிச்சை நிற்காது. ஆஸ்பத்திரிப் பொலிசுக்கு அவர்களே அறிவிப்பார்கள். பிள்ளையை வார்ட்டில் மறிப்பார்கள் என்பதால் மாற்றுடுப்பும் தாயின் துணையும் வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையில் காயம் எதுவும் இல்லை என்று வந்தால் வீட்டார் உடைந்துபோகிறார்கள், ஊர் "ஒண்டும் நடக்கேல்லயாம்" என்கிறது. பெரும்பாலான பிள்ளைகளில் உடம்பில் ஒன்றும் தெரியாது. தொடுவதால் மட்டும் காயம் வராது, சிறுகாயம் சில நாளில் ஆறிவிடும். நடந்ததற்கும் நடக்காததற்கும் அந்த அறிக்கை மட்டும் தீர்ப்பு அல்ல.

பொலிசில் சிறுவர் மகளிர் பிரிவைக் கேளுங்கள். முன் மேசையில் நாலு பேர் கேட்க வாக்குமூலம் கொடுக்கத் தேவையில்லை. வாக்குமூலத்தைத் தமிழில் பதியச் சொல்வது உரிமை. சிங்களத்தில் எழுதினால், வரிவரியாகத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே ஒப்பமிடவேண்டும். "தொட்டார்" என்பதற்கும் "தொட முயன்றார்" என்பதற்கும் இடையில் குற்றமே மாறிவிடும். பிள்ளையின் முதல் நேர்காணலை வீடியோவில் பதிந்து சாட்சியமாக வைக்க 1999 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. கேட்காமல் அது நடக்கும் என்று எண்ணவேண்டாம்.

"அவளும் விரும்பித்தான் போனவள்" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும்: தண்டனைச் சட்டக்கோவையின் 1995 ஆம் ஆண்டுத் திருத்தம் சம்மத வயதை 12 இலிருந்து 16 ஆக உயர்த்தியது. அதே திருத்தம் கொண்டுவந்த பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற குற்றம் ஆண்பிள்ளைக்கும் பொருந்தும். பாதிக்கப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதும் குற்றம். முகநூலில் "நியாயம் கேட்டு" படம் போடுபவரும் இதற்குள் வருவார். பிள்ளையின் நிர்வாணப் படம் யாருடைய போனிலாவது வந்தால் மற்றவரை எச்சரிக்கவென்று அனுப்பக் கூடாது. போனை அப்படியே பொலிசிடம் கொடுக்கவேண்டும்.

பிறகு ஊர் வரும். கோயில் நிர்வாகம், பள்ளிவாசல் நிர்வாகம், குடும்பத்தில் மூத்தவர். எல்லோரும் நல்லதுக்குத்தான் வருவார்கள். காசு கொடுத்து முடிப்போம், அவரை ஊரைவிட்டு அனுப்புவோம், பிள்ளையின் எதிர்காலத்தைப் பாருங்கள். இது சிறு பிணக்குகளைத் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்கே போகமுடியாத விஷயம், திண்ணையில் முடியுமா? ஊரைவிட்டு அனுப்பப்பட்டவர் அடுத்த ஊரில் அடுத்த பிள்ளையோடு பழகுகிறார். தான் சொன்னதற்கு விலை பேசி முடித்ததைப் பார்த்திருக்கும் பிள்ளை இனி எதையும் சொல்லாது.

குடும்பம் பயப்படுவதில் ஒன்று நியாயமானது: சொன்னால் பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் போட்டுவிடுவார்களா? செய்தவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால் யாரோ ஒருவர் வெளியேறத்தான் வேண்டும். அது செய்தவராக இருக்கவேண்டும் என்று முதலில் கேளுங்கள். முடியாவிட்டால், நம்பிக்கையான உறவினர் ஒருவரின் பொறுப்பில் விட நீதவான் கட்டளையிடலாம். அந்தப் பெரியம்மாவோ அம்மம்மாவோ தன் அடையாள அட்டையோடு நன்னடத்தை உத்தியோகத்தரை முதல் நாளே சந்தித்தால், இல்லத்துக்கு அனுப்பவேண்டிய நிலை பெரும்பாலும் வராது. யாரும் முன்வராத வழக்குகளில்தான் பிள்ளை இல்லத்துக்குப் போகிறது.

சில கிழமைகளில் பிள்ளை "நான் பொய் சொன்னனான்" என்று சொல்லக்கூடும். அதைக் கேட்டதும் பலர் அப்பாடா என்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சில கிழமைகளில் வீட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள்: அம்மா அழுதுகொண்டே இருக்கிறா, உழைக்கிற ஆள் உள்ளே, அப்பம்மா கதைப்பதில்லை, வகுப்பில் பெயர் அடிபடுகிறது. பழையபடி ஆக்க ஒரே வழி சொன்னதைத் திருப்பி எடுப்பது என்று பிள்ளை கண்டுபிடிக்கிறது. அப்போது "அப்ப பொய்யா?" என்று கேட்காமல், "அப்பிடிச் சொல்லுறதுக்கு என்ன நடந்தது?" என்று கேட்கவேண்டும், பதிலை அதிகார சபை உத்தியோகத்தருக்கோ பொலிசுக்கோ அறிவிக்கவேண்டும். சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றம். பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புக்கென 2015 இல் வந்த சட்டத்துக்குப் பதிலாக 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் இப்போது நடைமுறையில் இருக்கிறது.

வழக்கு நீதவான் நீதிமன்றிலிருந்து சட்டமா அதிபரிடம் போய், மேல் நீதிமன்றில் குற்றப்பத்திரிகையாக வர ஆண்டுகள் செல்லும். தரம் 4 இல் சொன்ன பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக் காலத்தில் சாட்சிக் கூண்டில் ஏறவேண்டி வரலாம். இதை மறைக்காமல், வயதுக்கேற்ற மாதிரிப் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். தவணைத் திகதிகளை வீட்டில் ஒருவர் குறித்து வைக்கவேண்டும், முறைப்பாட்டு இலக்கமும் முதல் நாள் எழுதிய கொப்பியும் அதே உறையில் இருக்கட்டும். இடைப்பட்ட காலத்தில் பிள்ளை பாடசாலையைத் தவறவிடக் கூடாது. "கொஞ்ச நாள் வீட்ட நிக்கட்டும்" என்று தொடங்கும் கொஞ்ச நாள், பெண்பிள்ளை என்றால் இடைவிலகலிலும் அவசரக் கல்யாணத்திலும் முடிவதுண்டு. பாடசாலை மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் விடுகைப் பத்திரத்தில் இந்தக் காரணத்தை எழுதத் தேவையில்லை. புதிய பாடசாலையில் அதிபருக்கும் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.